ஷாகுஹாச்சி: ஊதித் தியானித்தவர்களின் குழல்

ஷாகுஹாச்சி ஜப்பானின் மூங்கில் குழல். மூங்கிலின் அடிப்பகுதியை வேர்க் கணுக்களோடு சேர்த்து வெட்டியெடுத்து இதைச் செய்கிறார்கள். முன்பக்கம் நான்கு துளைகள், பின்பக்கம் கட்டைவிரலுக்கு ஒன்று. புல்லாங்குழலைப் போலக் குறுக்கே பிடிப்பதில்லை. நாகஸ்வரத்தைப் போல நேராகப் பிடிக்க வேண்டும். ஆனால் சீவாளி கிடையாது. திறந்திருக்கும் மேல்முனையின் ஓரம் சாய்வாகச் சீவப்பட்டிருக்கும். அந்தக் கூர்விளிம்பில் மூச்சுக்காற்று மோதும்போது ஒலி பிறக்கிறது. வழக்கமான நீளம் பழைய ஜப்பானிய அளவில் ஒரு ஷாகு எட்டு சுன், அதாவது சுமார் 54.5 செ.மீ. பெயரும் அந்த அளவிலிருந்து வந்ததுதான்.

மன அமைதிக்கு, தியானத்துக்கு, உறக்கத்துக்கு என்று இன்று விற்கப்படும் இசைத் தொகுப்புகளில் இந்தக் குழலோசை அடிக்கடி கேட்கிறது. கண்ணை மூடிச் சாய்ந்திருப்பவரின் காதுக்கு இதம் தரும் ஒலி என்றே பலரும் இதை அறிவார்கள். இந்தக் குழலுக்குரிய பழைய உருப்படிகள் உருவான நூற்றாண்டுகளில் நிலைமை வேறு. கேட்பவர் மனம் அமைதியடைய வேண்டும் என்று யாரும் ஊதவில்லை. ஊதியவர் தம் மூச்சைக் கட்டி, தம் மனத்தை ஒருநிலைப்படுத்துவதற்காக ஊதினார். பக்கத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஒரு பொருட்டல்ல. ஊதுபவருக்கான பயிற்சி கேட்பவருக்கான மருந்தாக மாறியது 20-ஆம் நூற்றாண்டில், அதுவும் இசைத்தட்டு வந்த பிறகு. அந்த மாற்றத்துக்கு முன் இந்தக் குழல் அரசவை, பிச்சைக்காரர் கூட்டம், வேலையிழந்த போர்வீரர்கள், போலி ஆவணங்கள் என்று பல இடங்களைக் கடந்து வந்திருக்கிறது.

குழலின் மூதாதை சீனத்தைச் சேர்ந்தது. தாங் அரசர்களின் காலத்தில் அரசவை இசையோடு ஜப்பானுக்கு வந்தது. நாரா நகரத்துத் தோடைஜி மடத்தின் கருவூலமான ஷோசோயினில் 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எட்டுக் குழல்கள் இன்றும் இருக்கின்றன. மூங்கிலில் செய்தவை மட்டுமல்ல, கல்லிலும் யானைத் தந்தத்திலும் கடைந்தவையும் அவற்றில் உண்டு. எல்லாவற்றிலும் ஆறு துளைகள். அதே தோடைஜியில் 752-இல் மாபெரும் வெண்கலப் புத்தர் சிலைக்குக் கண் திறப்புச் சடங்கு நடந்தபோது, தூரிகை பிடித்துக் கண் வரைந்தவர் இந்தியாவிலிருந்து, அதிலும் தென்னாட்டிலிருந்து, சென்றவராகச் சொல்லப்படும் பிக்கு போதிசேனர். அந்தச் சடங்கில் பல நாட்டு இசையும் கூத்தும் நிகழ்ந்தன. அன்றைய பொருள்கள் பலவும் இந்தக் கருவூலத்தில்தான் காக்கப்படுகின்றன. ஆக, அந்தக் காலத்து ஷாகுஹாச்சி சபையில் பல கருவிகளுக்கு நடுவே ஒலித்த ஒன்று. தியானத்தோடு அதற்குத் தொடர்பு இருந்ததாகத் தெரியவில்லை. 9-ஆம் நூற்றாண்டில் அரசவை இசைக்குழுவைத் திருத்தி அமைத்தபோது குழல் அதிலிருந்து விலக்கப்பட்டது.

அடுத்த சில நூற்றாண்டுகளில் தடயங்கள் மிகக் குறைவு. 15, 16-ஆம் நூற்றாண்டுகளில்தான் குழல் மறுபடி தெளிவாகக் கண்ணில் படுகிறது, இப்போது தெருவில். கோமோஸோ எனப்பட்ட நாடோடித் துறவிகள் முதுகில் கோரைப் பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு வீட்டு வாசல்களில் குழல் ஊதிப் பிச்சை எடுத்தார்கள். இரவில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே பாயை விரித்துப் படுத்தார்கள். மடம், குரு, தீட்சை என்று எதுவும் அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. சமூகத்தில் மதிப்பும் இல்லை. மற்றொரு பக்கம், ஜென் துறவிகளில் பெரும் புகழ்பெற்ற இக்கியூ ஸோஜுன் (1394–1481) இந்தக் குழலின்மேல் பெரும் பிரியம் வைத்திருந்தார். அதைப் பற்றிக் கவிதைகளும் எழுதினார். அரசவை இசைக்கலைஞர் தோயோஹாரா சுமியாக்கி 1512-இல் எழுதிய இசைநூலிலும் ஷாகுஹாச்சி இடம்பெறுகிறது. ஒரே ஒரு கணு கொண்ட, சுமார் 33 செ.மீ. நீளமுள்ள ஹிதோயோகிரி என்ற சிறு குழல் அப்போது பரவலாக இருந்தது. பிற்காலத்தில் தடித்த வேரடிக் குழல் அதை ஓரங்கட்டிவிட்டது.

1600-இல் செக்கிகஹாரா போர், 1614–15-இல் ஒசாகா முற்றுகை. இரண்டிலும் டோக்குகாவா குலம் வென்று நாட்டைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. தோற்ற பிரபுக்களின் படைகள் கலைந்தன. ஆயிரக்கணக்கான சாமுராய்களுக்குத் தலைவனும் இல்லை, சம்பளமும் இல்லை. வாள் பிடிக்கத் தெரிந்தவனுக்கு உழவும் வணிகமும் இழிவாகத் தெரிந்தன. பிச்சை எடுப்பதோ அதைவிட இழிவு. குழல் ஊதும் துறவிக் கூட்டம் இவர்களுக்குப் புகலிடமானது. துறவி என்ற பெயரில் பிச்சை வாங்கினால் மானம் போகாது. முகத்தை மறைத்துக்கொண்டால் பழைய பகைவர் கண்ணிலும் படாமல் இருக்கலாம். 17-ஆம் நூற்றாண்டில் பழைய பாய்த்துறவிகளின் கூட்டத்துக்குள் சாமுராய்கள் பெருவாரியாக நுழைந்து அதன் இயல்பையே மாற்றினார்கள். கோமோஸோ என்ற பெயர் கோமுஸோ என்றாயிற்று. அதற்குச் சூனியத்தின் துறவிகள் என்று கௌரவமான பொருளும் கிடைத்தது. கூட்டம் ஃபுகே என்னும் ஜென் பிரிவாகத் தன்னை அமைத்துக்கொண்டது.

புதிய பிரிவுக்குப் பழைய வரலாறு தேவைப்பட்டது. தாங் காலச் சீனத்தில் வாழ்ந்த ஃபுகே என்ற கிறுக்குத் துறவியைத் தங்கள் ஆதிகுருவாகக் கொண்டார்கள். ஃபுகே தெருத்தெருவாகக் கைமணியை ஆட்டிக்கொண்டு திரிந்தவர் என்று ஜென் நூல்கள் சொல்கின்றன. அவர் குழல் ஊதியதாக எங்கும் இல்லை. அதற்கு ஒரு கதை வழி செய்தது. சோஹாக்கு என்ற பக்தர் அந்த மணியோசையில் மயங்கி, அதைப் போலவே ஒலிக்கும்படி மூங்கில் குழலில் ஊதிப் பழகினாராம். அவர் வழியில் பதினாறு தலைமுறைகள் கழிந்தன. 1249-இல் சீனம் சென்று 1254-இல் திரும்பிய ஜப்பானியத் துறவி காகுஷின் அந்த இசையைக் கற்றுவந்தாராம். அவருடைய சீடர் கியோச்சிக்கு ஒரு கோயிலில் இரவு தங்கியபோது கனவில் மூடுபனி சூழ்ந்த கடலையும் பனி விலகிய வெளியையும் கண்டு, அந்தக் காட்சிகளுக்குரிய ஒலிகளையும் கேட்டு, விழித்ததும் ஊதிப் பார்த்தாராம். பிரிவின் மிகப் பழைய உருப்படிகளாகப் போற்றப்படும் மூன்றும் இந்தக் கதையிலிருந்துதான் விளக்கம் பெறுகின்றன. ‘கியோரெய்’ மணியோசைக்கு உரியது, ‘முகாய்ஜி’ பனிக்கடலில் கேட்ட குழல், ‘கோக்கூ’ வெட்டவெளி. காகுஷின் உண்மையில் வாழ்ந்தவர், சீனம் சென்றதும் உண்மை. அவருக்கும் குழலுக்கும் உள்ள உறவுக்குத்தான் பழைய சான்று கிடையாது. இந்த வரலாற்றை விரித்துச் சொல்லும் ‘கியோதாக்கு தென்கி’ என்னும் நூல் உரையோடு அச்சானது 1795-இல்.

இதைவிடத் துணிச்சலான ஓர் ஆவணமும் உண்டு. டோக்குகாவா குலத் தலைவர் இயெயாசு 1614-இல் கோமுஸோக்களுக்கு வழங்கியதாகச் சொல்லப்பட்ட சாசனம் அது. சாமுராய்கள் மட்டுமே இப்பிரிவில் சேரலாம். கோமுஸோ நாட்டில் எங்கு வேண்டுமானாலும் தடையின்றிப் போகலாம். சுங்கச் சாவடியிலும் முகத்தை மறைக்கும் கூடையைக் கழற்ற வேண்டியதில்லை. ஷாகுஹாச்சி ஊதும் உரிமை அவர்களுக்கு மட்டுமே உரியது. இப்படிப் போகிறது அதன் வாசகம். பல பிரதிகள் கிடைத்தன, பிரதிக்குப் பிரதி விதிகள் கூடியும் குறைந்தும் இருந்தன. அசலை மட்டும் எவரும் காட்டவில்லை. சாசனம் போலி என்பதை 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நகாட்சுகா சிக்குசென் என்ற ஆய்வாளர் பழைய ஆவணங்களை ஒப்பிட்டு நிறுவினார். ஆதிகுருக் கதையும் இட்டுக்கட்டியதே என்பது அவர் முடிவு. இத்தனைக்கும் அவரே ஷாகுஹாச்சி கலைஞர். போலியாக இருந்தாலும் சாசனம் நெடுங்காலம் செல்லுபடியானது. ஊர் ஊராகத் திரியும் வேலையற்ற வாள்வீரர்களை ஒரு மடத்தின் பதிவேட்டுக்குள் கட்டிவைப்பது ஆட்சிக்கும் வசதியாக இருந்தது என்பதுதான் இதற்குப் பொருத்தமான விளக்கம். 1677-இல் அரசு இப்பிரிவின் மடங்களுக்கு நேரடியாக விதிமுறை அனுப்பியபோது, பிரிவு சட்டப்படி இருப்பதாகவே ஆகிவிட்டது.

கியோட்டோவில் மெயான் மடம், எடோ நகரத்துக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, அருகே இச்சிகெட்சுஜி, ரெய்ஹோஜி மடங்கள் ஆகியவை தலைமையிடங்களாக இருந்தன. சேருபவருக்கு உறுப்பினர் பத்திரம், அடையாளச் சீட்டு, பயணச் சீட்டு என்று மூன்று ஆவணங்கள் கிடைத்தன. கையில் குழல், தோளில் துறவிக்குரிய மேல்துணி, தலையில் தெங்காய் என்னும் கோரைக்கூடை. முகவாய்வரை இறங்கும் இந்தக் கூடைக்குள்ளிருந்து வெளியே பார்க்க ஒரு சிறு பின்னல் திறப்பு மட்டுமே இருக்கும். நான் என்பதை மறைப்பதற்கான கருவி இது என்று மடம் விளக்கம் தந்தது. முகத்தை மறைக்க வேண்டிய அவசியம் உள்ள வேறு சிலருக்கும் இது வசதியாக இருந்தது. கொலையாளிகளும் பழிவாங்கத் திரிபவர்களும் போலித் துறவிகளும் கூடைக்குள் புகுந்தார்கள். கோமுஸோக்களில் பலர் அரசின் ஒற்றர்கள் என்ற பேச்சு அன்றே இருந்தது; அதற்கான சான்றைவிடக் கதைகளே அதிகம். வேரடி மூங்கிலைத் தேர்ந்ததே வாளில்லாத நேரத்தில் தடியாக வீசத்தான் என்பதும் அப்படிப்பட்ட ஒரு கதை. 1748-இல் அரங்கேறிய புகழ்பெற்ற நாடகம் ‘கானதேஹோன் சூஷிங்குரா’வில் ஒரு முக்கியப் பாத்திரம் கோமுஸோ வேடத்தில்தான் ஒரு வீட்டு வாசலுக்கு வருகிறது. ஓவியர் சுசுகி ஹருநோபு அழகிய இளம் ஜோடியைக் கோமுஸோ உடையில் வரைந்தார். மரச்செதுக்கு அச்சுப் படங்களில் அந்த உடை ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது.

இத்தனை கலப்படத்துக்கு நடுவே உருவான இசை மட்டும் கலப்படமில்லாதது. ஹொன்கியோக்கு எனப்படும் இந்த உருப்படிகளில் தாளம் கிடையாது, சாகித்தியமும் கிடையாது. அளவுகோல் மூச்சு. ஒரு மூச்சுக்கு ஒரு வரி. அடிவயிறுவரை காற்றை இழுத்து, மிக மெதுவாகத் தொடங்கி, ஒலியை வளர்த்து, பிறகு தேயவிட்டு, காற்று தீரும் இடத்தில் நிறுத்த வேண்டும். அடுத்த மூச்சு இழுக்கும் இடைவெளியும் இசையின் பகுதியாகவே கொள்ளப்படுகிறது. நுரையீரல் சிறியதானால் வரி குறுகும், பெரியதானால் நீளும். ஒரே உருப்படியை இருவர் ஊத எடுக்கும் நேரம் ஒன்றாக இருக்காது, இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் இல்லை. ஊதும்போது மூச்சு நிமிடத்துக்குச் சில தடவை என்ற அளவுக்குத் தானாகவே மெதுவாகிவிடுகிறது. மூச்சை எண்ணும் தியானத்தில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது அதே பயிற்சிதான். வேறுபாடு ஒன்று. உட்கார்ந்து தியானிப்பவரின் மனம் அலைந்தால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. குழலில் மனம் அலைந்தால் ஒலி உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

குழலின் அமைப்பும் இதற்கு ஒத்துப்போகிறது. ஐந்து துளைகளில் நேரடியாகக் கிடைப்பவை ஐந்து சுரங்கள். மற்றவையெல்லாம் துளையைப் பாதி மூடியும், தலையைத் தாழ்த்தி உயர்த்தி உதட்டுக்கும் விளிம்புக்கும் உள்ள தூரத்தை மாற்றியும் வரவழைக்க வேண்டியவை. தலையைத் தாழ்த்தினால் சுரம் இறங்குவதோடு ஒலியும் மங்கி உள்ளொடுங்கும். நிமிர்த்தினால் ஒலி பளிச்சென்று திறக்கும். ஒரே சுரத்தை வேறுவேறு விரல்வைப்பில் ஊதினால் வேறுவேறு நிறம் வரும். இசையின் சுவை பெரும்பாலும் மெட்டில் இல்லை, இந்த நிற மாற்றத்தில்தான் இருக்கிறது. தலையசைக்கப் பழகவே மூன்று ஆண்டு ஆகும் என்று ஜப்பானில் பழமொழி உண்டு. காற்றைச் சீறவிட்டு, ஒலியும் இரைச்சலும் கலந்து வெடிக்கும்படி ஊதும் முறையும் இதில் இருக்கிறது. இன்றைய தியான இசைத் தொகுப்புகளில் இந்தச் சீற்றம் பெரும்பாலும் வராது.

உருப்படிகளின் பெயர்களைப் பார்த்தாலே துறவியின் ஒரு நாள் தெரியும். ‘ஹாச்சிகாயெஷி’ பிச்சைப் பாத்திரத்தில் அரிசி விழுந்ததும் ஊதுவது. ‘ரெய்போ’ ஃபுகேயின் மணிக்கு ஏங்குவது. மடத்துக்கு மடம், வட்டாரத்துக்கு வட்டாரம் இதற்குப் பாடபேதங்கள் இருக்கின்றன. விதிவிலக்காக, ‘ட்சுரு நோ சுகோமோரி’ கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் கொக்குகளைக் காட்டுகிறது. சிறகடிப்பையும் கூவலையும் குழலில் கொண்டுவரும் வித்தை நிறைந்த உருப்படி அது. இப்படிப்பட்ட ஒன்றையும் துறவிகள் ஊதினார்கள் என்பது, தியானம் ஒன்றே நோக்கம் என்ற மடத்துப் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எச்சரிக்கிறது.

சிதறிக் கிடந்த இவற்றைத் தொகுத்தவர் குரோசாவா கின்கோ (1710–1771). ஃபுகுவோக்கா பகுதியின் குரோடா பிரபுவிடம் இருந்த சாமுராய். பல ஊர்களின் மடத்து உருப்படிகளைத் தேடிக் கற்றார். பிறகு எடோவில் இரு தலைமை மடங்களின் சார்பில் ஆசிரியரானார். அவரும் அவர் வழிவந்தவர்களும் 36 உருப்படிகளை ஒழுங்குபடுத்தினார்கள். கின்கோ பாணி என்று இன்றும் வழங்குவது அதுதான். சாமுராய் அல்லாதவர் குழலைத் தொடக்கூடாது என்ற விதி அதற்குள் ஏட்டளவில் நின்றுவிட்டது. எடோவின் கடைக்காரர்களும் கைவினைஞர்களும் பணம் கட்டிக் கற்றார்கள். மடங்களுக்கும் வருமானம் தேவைப்பட்டதால் அவை கண்டும் காணாமலும் இருந்தன. கற்றவர்கள் கோட்டோ, ஷாமிசென் போன்ற தந்திக் கருவிகளோடு சேர்ந்து பொழுதுபோக்குப் பாடல்களும் வாசித்தார்கள். இதைக் கண்டு கொதித்த ஒருவர் கின்கோ மரபைச் சேர்ந்த ஹிசாமட்சு ஃபூயோ. ஷாகுஹாச்சி இசைக்கருவி அல்ல, தர்மக் கருவி என்று 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அவர் கேள்வி-பதில் வடிவில் எழுதினார். தியானக் குழல் என்ற கருத்தை இவ்வளவு தெளிவாகச் சொன்ன ஆரம்பகால எழுத்துகளில் அவருடையவை முக்கியமானவை. குழல் பொழுதுபோக்காக மாறிக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தக் கருத்துக்குக் கூர்மை வந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆட்சியின் பொறுமையும் குறைந்துவந்தது. கூடைக்குள் ஒளிந்த குற்றவாளிகள் பெருகியதால் 1847-இல் அரசு பழைய சலுகைகளுக்கு இனி ஆதரவில்லை என்று அறிவித்தது. 1868-இல் டோக்குகாவா ஆட்சியே கவிழ்ந்தது. புதிய மெய்ஜி அரசு 1871-இல் ஃபுகே பிரிவை ஒரே ஆணையில் ஒழித்தது. மடங்கள் மூடப்பட்டன, கோமுஸோக்கள் சாதாரணக் குடிமக்களானார்கள். குழலையே தடைசெய்துவிடுவார்களோ என்ற அச்சம் எழுந்தபோது கின்கோ மரபின் யோஷிதா இச்சோவும் இரண்டாம் அராக்கி கோதோவும் அரசிடம் முறையிட்டு, மதத் தொடர்பற்ற இசைக்கருவியாக அதை யாரும் வாசிக்கலாம் என்ற அனுமதியைப் பெற்றார்கள். குழல் பிழைப்பதற்கு அதைத் தியானக் கருவி அல்ல என்று சொல்ல நேர்ந்தது.

அதன்பின் நடந்தவை வேகமானவை. கோட்டோ, ஷாமிசென், ஷாகுஹாச்சி மூன்றும் சேர்ந்த கச்சேரிகள் வீட்டு விசேஷங்களிலும் அரங்குகளிலும் பிரபலமாயின. நகாவோ தோஸான் (1876–1956) 1896-இல் ஒசாகாவில் தம் சொந்தப் பாணியைத் தொடங்கினார். மேற்கத்திய இசையறிவும் புதிய உருப்படிகளும் பரீட்சை முறையும் கொண்ட அந்தப் பள்ளி, மாணவர் எண்ணிக்கையில் பெரிய மரபாக வளர்ந்தது. துறவிகளின் உருப்படிகளுக்கு அதில் இடமில்லை. கியோட்டோவில் மட்டும் பழைய நினைவு அணையவில்லை. 1890-இல் தோஃபுக்குஜி மடத்தின் ஆதரவில் மெயான் சங்கம் அமைந்தது, கூடை அணிந்து பிச்சை எடுக்கும் வழக்கமும் திரும்பியது. நாகோயாவிலிருந்து வந்த ஹிகுச்சி தாய்ஸான் (1856–1914) அங்கே உருப்படிகளைத் திரட்டிச் செப்பனிட்டு, இன்று மெயான் பாணி எனப்படுவதை உருவாக்கினார். தாம் கற்ற வேறு மரபுகளிலிருந்தும் அவர் எடுத்துச் சேர்த்தார். ஆகவே கியோட்டோ மடத்தில் இன்று கேட்கும் இசையை முழுக்கவும் இடைக்காலத்தது என்று சொல்வதற்கில்லை. அதன் பெரும்பகுதிக்கு ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேல்தான் வயது.

இன்னொரு தனிப்போக்கு வடாஸுமி தோஸோ (1911–1992). இசைக்கலைஞர் என்று தம்மை அழைப்பதை அவர் ஏற்கவில்லை. தினமும் காலையில் நீண்ட தடியைச் சுழற்றி உடற்பயிற்சி செய்துவிட்டு ஊதுவார். உள்ளே அரக்குப் பூசி மெருகேற்றிய கச்சேரிக் குழலை ஒதுக்கினார். கணுக்களை மட்டும் குடைந்தெடுத்த, பெருமளவு இயற்கையாகவே விடப்பட்ட நீண்ட தடித்த மூங்கிலே அவருக்குப் பிடித்தது. உடலையும் மூச்சையும் வலுப்படுத்துவதே நோக்கம், ஒலி அதன் விளைவு மட்டுமே என்பது அவர் கொள்கை. அவரிடம் கற்ற யோகோயாமா காட்சுயா (1934–2010) அந்த உருப்படிகளை மேடைக்கேற்ற மெருகோடு உலகெங்கும் கொண்டுசென்றார். இசையமைப்பாளர் தகேமிட்சு தோருவின் ‘நவம்பர் ஸ்டெப்ஸ்’ 1967 நவம்பரில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் குழுவோடு ஒஸாவா செய்ஜியின் தலைமையில் அரங்கேறியபோது ஷாகுஹாச்சி வாசித்தவர் அவரே.

இதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே இன்னொரு வழி திறந்துவிட்டது. அமெரிக்காவில் 1950-களில் ஜென் மோகம் பரவியிருந்தது. அங்கிருந்து 1959-இல் கிளம்பி ஆசிய நாடுகளில் சுற்றிக்கொண்டிருந்த ஜாஸ் கிளாரினெட் கலைஞர் டோனி ஸ்காட், 1964-இல் டோக்கியோவில் ‘மியூசிக் ஃபார் ஜென் மெடிடேஷன்’ என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தார். ஷாகுஹாச்சி யமமோட்டோ ஹோஸான், கோட்டோ யுயிஸே ஷினிச்சி. மூவரும் பெரும்பாலும் மனோதர்மமாகவே வாசித்தார்கள். கோமுஸோ உருப்படிகள் அல்ல. பங்கேற்ற குழல் கலைஞரோ தோஸான் மரபினர், அதாவது துறவிகளின் இசையை விலக்கி வளர்ந்த பள்ளியைச் சேர்ந்தவர். இருந்தும், வீட்டில் உட்கார்ந்து தியானிப்பவர் கேட்பதற்கென்று தயாரான இசைத்தட்டு என்ற வகையில் இது முன்னோடி. நியூ ஏஜ் இசையின் முதல் இசைத்தட்டு என்று பலரும் இதைச் சுட்டுகிறார்கள். தியானம் செய்பவர் ஒருவர், ஊதுபவர் வேறொருவர் என்ற பிரிவினை இங்கேதான் வணிக வடிவம் பெற்றது.

கின்கோ மரபின் யமகுச்சி கோரோ (1933–1999) அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1967–68-இல் கற்பித்தார். அங்கே இருந்த காலத்தில் அவர் ஹொன்கியோக்கு உருப்படிகளை வாசித்து வெளியான இசைத்தட்டு மேலைநாட்டு மாணவர்கள் பலரை இந்தக் குழலுக்கு இழுத்தது. 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் ஏற்றிய தங்கத் தட்டில் அவர் வாசித்த கொக்கு உருப்படி 4 நிமிடம் 51 விநாடி இடம்பெற்றது. அதே தட்டில் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பைரவியும் இருக்கிறது. 1980-களில் மனத்தளர்வுக்கான ஒலிநாடாக்கள் ஒரு தொழிலாகவே பெருகின. 1987-இல் கிராமி விருதுகளில் நியூ ஏஜ் இசைக்குத் தனிப் பிரிவு ஏற்பட்டது. அதற்குள் ஷாகுஹாச்சியை ஊதத் தெரிந்த ஆளே தேவைப்படாத நிலையும் வந்துவிட்டது. எமுலேட்டர் 2 என்ற மின்னணு விசைப்பலகையில் அந்த ஒலியின் மாதிரி ஏற்றப்பட்டிருந்தது. 1986-இல் பீட்டர் கேப்ரியலின் ‘ஸ்லெட்ஜ்ஹாமர்’ பாட்டின் தொடக்கத்தில் கேட்பது அதுதான். ஒரு விசையை அழுத்தினால் போதும். மூச்சைக் கட்டி ஊத வேண்டிய குழலில் மூச்சு மட்டும் இல்லாமல் போயிற்று.

தளர்வு இசைக்காக இந்த ஒலியைப் பயன்படுத்தியவர்கள் அதைத் திருத்தவும் செய்தார்கள். ஹொன்கியோக்குவின் நீண்ட மௌனங்கள் கேட்பவரைத் திடுக்கிட வைக்கும். ஆகவே அடியில் ஓயாமல் இழையும் மின்னணு ஒலியோ நீரோசையோ சேர்த்து அவற்றை நிரப்பினார்கள். திடீரென்று வெடிக்கும் சீற்றத்தை நீக்கினார்கள். எதிரொலி கூட்டி விளிம்புகளை மழுக்கினார்கள். மிஞ்சுவது குழலின் நிறம். உறக்கம் வராதவருக்கு அதனால் பயன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மெதுவான, எதிர்பாராத திருப்பமில்லாத இசை பலருக்கு உடலைத் தளர்த்துகிறது. கோமுஸோவின் குழல் செய்த வேலை வேறு என்பது மட்டும்தான் செய்தி. அது ஊதுபவரைத் தூங்கவிடாமல் விழிப்பில் வைத்திருந்தது.

பழைய பயிற்சியைத் தேடிப் போனவர்களும் இசைத்தட்டுகளின் வழியாகவே வந்தார்கள். அமெரிக்காவில் பிறந்து பின்னர் ஆஸ்திரேலியாவில் குடியேறிய ரைலி லீ 1980-இல் மகாகுரு பட்டம் பெற்றார்; ஜப்பானியர் அல்லாதவர்களில் அவரே முதலாமவர். 1994-இல் ஒகாயாமா மாவட்டத்தின் பிசெய் ஊரில் சர்வதேச ஷாகுஹாச்சி விழா நடந்தது. அடுத்து 1998-இல் அமெரிக்காவின் போல்டரிலும், 2008-இல் சிட்னியிலும், 2012-இல் கியோட்டோவிலும், 2018-இல் லண்டனிலும் கூடினார்கள். வெளிநாட்டு மாணவர்கள் பலர் கச்சேரிப் பாட்டுகளைவிடத் துறவிகளின் உருப்படிகளையே முதலில் கேட்கிறார்கள். 1871-க்குப் பின் ஜப்பானிய ஆசிரியர்கள் பலர் ஓரமாக ஒதுக்கியிருந்த பகுதி அதுதான்.

கியோட்டோவின் தோஃபுக்குஜி வளாகத்தில் மெயான் மடம் இப்போதும் இயங்குகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மதச் சுதந்திரச் சட்டங்கள் வந்தபோது, 1950-இல், அது ஃபுகே மரபின் மடமாக மறுபடி பதிவு பெற்றது. ஆண்டுதோறும் பல ஊர்களின் ஊதுநர்கள் அங்கே கூடிக் குருமார் படங்களின் முன் உருப்படிகளைக் காணிக்கையாக ஊதுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அலுவலகம் செல்பவர்களும் ஓய்வுபெற்றவர்களும். தலைமுறைத் துறவிகள் அல்ல, சாமுராய்களும் அல்ல. கூடையும் மேல்துணியும் அணிந்து தெருவில் ஊதுபவர்கள் சிலர் இன்றும் இருக்கிறார்கள். மார்பில் தொங்கும் பெட்டியில் மெயான் என்ற எழுத்துகள் இருக்கும். கின்கோ, தோஸான் மரபுகளின் ஆசிரியர்கள் தனித்தனியே பட்டங்கள் வழங்குகிறார்கள். கருவி செய்பவர்களோ இருவகைக் குழலும் செய்கிறார்கள்: கச்சேரிக்காரர்களுக்கு உள்ளே அரக்குச் சாந்து பூசிச் சுருதி திருத்தியது, துறவிகளின் உருப்படிகளை ஊதுபவர்களுக்குச் சாந்து பூசாத வெறும் மூங்கில்.